பெர்னாண்டோ டோரஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயினின் முன்னாள் ஸ்ட்ரைக்கர் (கோல் அடிக்கும் முன்வரிசை ஆட்டக்காரர்) டோரஸைப் பற்றிப் பேச்செடுத்தால் பாதிப் பேர் இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப்புக்கு அடித்த கோல்களைச் சொல்லி உருகுகிறார்கள், மீதிப் பேர் அங்கேயே செல்சி கிளப்பில் தவறவிட்ட வாய்ப்புகளைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். இரண்டு தரப்பிடமிருந்தும் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றை, கேட்டவர்கள் கேட்டபடியே வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

பார்சிலோனாவுக்கு ஆடுற டோரஸும் இவரும் ஒருத்தரா? அண்ணன் தம்பியா?

இல்லை. பார்சிலோனாவுக்கு ஆடுபவர் ஃபெரான் டோரஸ், வலென்சியாப் பக்கத்துக்காரர். நாம் பேசுவது பெர்னாண்டோ டோரஸைப் பற்றி. இவர் மாட்ரிட் பகுதிக்காரர், 2019-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். இருவருக்கும் உறவு எதுவும் கிடையாது. ஸ்பெயினில் டோரஸ் என்ற குடும்பப் பெயர் தெருவுக்குத் தெரு இருக்கும். தூத்துக்குடிப் பக்கத்து நண்பர்கள் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: இவருக்குப் பெர்னாண்டோ என்பது வீட்டில் வைத்த பெயர், குடும்பப் பெயர் அல்ல.

எந்த ஊர், எப்படி கால்பந்துக்கு வந்தார்?

1984 மார்ச் 20 அன்று ஃபுவென்லப்ராடாவில் பிறந்தார். மாட்ரிட் நகருக்குத் தெற்கே, உழைக்கும் குடும்பங்கள் நிறைந்த புறநகர் அது. சிறுவனாக இருந்தபோது முதலில் நின்றது கோல்கீப்பராக. அண்ணன் கோல்கீப்பர் என்பதால் தம்பிக்கும் அந்த ஆசை. பிறகு தொலைக்காட்சியில் வந்த ஒரு ஜப்பானியக் கால்பந்துக் கார்ட்டூன் தலைக்கேறி, கோல் அடிக்கும் பக்கம் வந்துவிட்டார். அந்தக் காலத்து ஸ்பானியப் பையன்கள் பலருக்கும் இந்தக் கார்ட்டூன் பைத்தியம் உண்டு.

உள்ளூர்ச் சிறுவர் அணிகளில் கோலாக அடித்துத் தள்ளி, 1995-ல் பதினொரு வயதில் அட்லெடிகோ மாட்ரிட் கிளப்பின் இளையோர் பிரிவில் சேர்ந்தார்.

மாட்ரிட்னா ரியல் மாட்ரிட்தானே? இவர் ஏன் அட்லெடிகோ பக்கம் போனார்?

தாத்தா தீவிர அட்லெடிகோ ஆள். பேரனுக்கும் அதே சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டைதான். மாட்ரிட்டில் எந்தக் கிளப் என்பதை வீட்டுப் பெரியவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள்; பள்ளிக்கூடத்தில் சுற்றியிருக்கும் பையன்களில் பாதிப் பேர் ரியல் மாட்ரிட் ஆட்களாக இருந்தாலும் அது மாறுவதில்லை.

இவர் கிளப்பில் வளர்ந்த காலம் அட்லெடிகோவுக்கு நல்ல காலமும் இல்லை. 1996-ல் லீக்கும் கோப்பையும் சேர்ந்து வென்ற அணி, நான்கே வருடத்தில், 2000-ல், இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. டோரஸ் முதல் அணிக்கு வந்தது அந்தப் பள்ளத்தில்தான். 2001 மே 27 அன்று அட்லெடிகோவின் விசென்டே கால்டெரோன் மைதானத்தில் லெகானெஸுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். வயது 17. அடுத்த வாரமே அல்பசெட்டேக்கு எதிராக முதல் கோல்.

'எல் நின்யோ'ன்னு ஏன் கூப்பிடுறாங்க?

ஸ்பானிய மொழியில் 'எல் நின்யோ' என்றால் பொடியன். பெரியவர்கள் மத்தியில் பொடியனாக வந்து நின்றதால் அந்தப் பெயர். முப்பத்தைந்து வயதில் ஓய்வு பெறும்போதும் அதே பெயர்தான்.

19 வயசுலயே கேப்டனாமே, நிஜமா?

நிஜம். 2001-02-ல் லூயிஸ் அரகோனெஸ் பயிற்சியில் அட்லெடிகோ மீண்டும் முதல் டிவிஷனுக்கு ஏறியது. டோரஸ் அந்த சீசனில் லீக்கில் அடித்தது 6 கோல்தான். ஆனால் முதல் டிவிஷனில் முதல் வருடம் 13, அடுத்த வருடம் 19 என்று ஏறிவிட்டார். கேப்டன் பட்டையும் கைக்கு வந்தது. அரகோனெஸ் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 2008-ல் திரும்ப வருவார்.

அந்தக் கேப்டன் பட்டையிலும் ஒரு கதை. ஒரு ஆட்டத்தில் பட்டை அவிழ்ந்து தொங்க, உட்புறத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்த ஒரு வரியைக் கேமரா பிடித்துவிட்டது. 'நாம் ஒருபோதும் தனியாக நடக்கமாட்டோம்' என்ற பொருள். லிவர்பூல் ரசிகர்கள் மைதானத்தில் பாடும் பாட்டின் சாயல். கூட்டாளிகள் எல்லோரும் அந்த வரியைப் பச்சை குத்திக்கொள்ள, அட்லெடிகோ கேப்டன் அதைக் குத்திக்கொண்டால் வம்பு என்பதால் பட்டைக்குள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதன் பிறகு லிவர்பூலுக்குப் போகப்போகிறார் என்ற பேச்சு நிற்கவே இல்லை.

அப்போ அட்லெடிகோல முதல் தடவை இருந்தப்போ என்ன கோப்பை ஜெயிச்சார்?

இரண்டாம் டிவிஷன் பட்டம் ஒன்று. அவ்வளவுதான். ஸ்பெயினின் பெரிய கோப்பை எதுவும் இல்லை, ஐரோப்பாவின் முன்னணிக் கிளப்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக் பக்கமே போகவில்லை. 2007 மே மாதம் சொந்த மைதானத்தில் பார்சிலோனாவிடம் 0-6 என்று தோற்றார்கள். அந்த சீசனில் ஏழாவது இடம். ஒரே ஒரு நல்ல ஸ்ட்ரைக்கரை நம்பி ஓடிக்கொண்டிருந்த அணி அது. அவர் கிளம்பியதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. அட்லெடிகோ ரசிகர்களே பெரிதாகக் கோபப்படவில்லை.

லிவர்பூல்ல அப்படி என்னதான் பண்ணினார்? சும்மா ஏத்தி விடுறாங்களா?

ஏத்தி விடவில்லை. 2007 ஜூலையில் பயிற்சியாளர் ரஃபா பெனிடெஸ் கூட்டிவந்தார். முதல் சீசனில் லீக்கில் மட்டும் 24 கோல், எல்லாப் போட்டிகளும் சேர்த்து 33. இங்கிலாந்துக்கு வந்த முதல் வருடத்தில் ஒரு வெளிநாட்டு வீரர் லீக்கில் அடித்த கோல்களில் வான் நிஸ்டெல்ரூய் வைத்திருந்த 23 என்ற கணக்கைத் தாண்டியது அது. 2008-ல் உலகின் சிறந்த வீரருக்கான பாலன் டி'ஓர் விருது வாக்கெடுப்பில் ரொனால்டோ, மெஸ்ஸிக்கு அடுத்து மூன்றாமிடம். மொத்தமாக லிவர்பூலுக்கு 142 ஆட்டத்தில் 81 கோல்.

எண்ணை விட ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். 2007 ஆகஸ்ட் 19, லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் இவருக்கு முதல் லீக் ஆட்டம், எதிரணி செல்சி. இடது பக்கம் லிவர்பூல் கேப்டன் ஜெரார்ட் பந்தைத் தள்ளிவிடுகிறார். எதிரே டிஃபெண்டர் டால் பென் ஹயிம். டோரஸ் வேகத்தைக் குறைப்பதுபோலக் காட்டி, ஒரு தோள் அசைவில் அவரைத் தாண்டி, வலது காலால் கோல்கீப்பர் செக்கைக் கடந்து தூரத்துக் கம்பத்துப் பக்கம் உருட்டிவிடுகிறார். பிற்காலத்தில் எழுபது எண்பது தடவை பார்க்கப்போவதன் மாதிரி அது: முன்னால் வெற்றிடம், கூட ஓடும் ஒரே டிஃபெண்டர், ஜெரார்டின் பாஸ்.

2009 மார்ச்சில் ஐந்து நாளுக்குள் ரியல் மாட்ரிட்டை 4-0, பிறகு மான்செஸ்டர் யுனைடெட்டை அவர்கள் மைதானத்திலேயே 4-1. இரண்டிலும் லிவர்பூலின் முதல் கோல் இவருடையது. யுனைடெட் ஆட்டத்தில் ஸ்கர்ட்டெல் தூக்கி அடித்த சாதாரணப் பந்து. விடிச் அது துள்ளும்வரை காத்திருக்க, டோரஸ் காத்திருக்கவில்லை. அன்றைக்கு உலகத்தின் முரட்டு டிஃபெண்டர்களில் ஒருவர் விடிச். டோரஸைக் கண்டாலே அவர் தடுமாறுவார் என்று அந்தக் காலத்து ரசிகர்கள் இன்றும் சொல்வது இதை வைத்துத்தான்.

லிவர்பூல்ல எத்தனை கோப்பை?

சைபர். லீக்கில் 2008-09-ல் இரண்டாம் இடம் வந்ததுதான் உச்சம். முந்தைய பதிலோடு சேர்த்துப் பாருங்கள்: தன் உடம்பும் வேகமும் உச்சத்தில் இருந்த பத்து வருடத்தில், கிளப் அளவில் இவர் கையில் வந்தது ஒரு இரண்டாம் டிவிஷன் பட்டம் மட்டும். இதைக் கவனிக்காமல் பின்னால் வரும் செல்சி கதையைப் பேசுவதில் அர்த்தமில்லை.

2008 யூரோ ஃபைனல் கோலைப் பத்தி எல்லாரும் சொல்றாங்க. அதுல என்ன விசேஷம்?

யூரோ என்பது ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பை. ஸ்பெயின் 1964-க்குப் பிறகு அதுவரை ஒரு பெரிய கோப்பையும் வென்றதில்லை. 44 வருடம். ஒவ்வொரு தடவையும் நல்ல அணி என்று பெயர் வாங்கிக் கால் இறுதியோடு வீடு திரும்புவது வழக்கமாகிவிட்டது. 2008-ல் பயிற்சியாளர், மேலே சொன்ன அதே அரகோனெஸ். ஜூன் 29, வியன்னா, எதிரணி ஜெர்மனி.

33-வது நிமிடம். ஷாவி டிஃபெண்டர்களுக்கு நடுவே பந்தைச் செலுத்துகிறார். பந்துக்கு முதலில் நெருக்கமாக இருப்பது ஜெர்மன் டிஃபெண்டர் பிலிப் லாம். டோரஸ் அவருக்குப் பின்னால் இருக்கிறார். லாம் உடம்பைக் குறுக்கே வைத்துப் பந்தைக் காத்தால், கோல்கீப்பர் லேமன் ஓடிவந்து எடுத்துக்கொள்வார். நூற்றில் தொண்ணூறு தடவை அப்படித்தான் நடக்கும். டோரஸ் லாமின் மறுபக்கமாகச் சுற்றி வந்து, தரையில் விழுந்துகொண்டிருக்கும் லேமனுக்கு மேலே வலது காலால் லேசாகத் தூக்கிவிட்டார். பந்து உருண்டு தூரத்துக் கம்பத்துக்கு உள்ளே போனது. ஆட்டம் 1-0.

அதற்கு முன் அந்தத் தொடரில் அவர் அடித்தது ஸ்வீடனுக்கு எதிராக ஒன்றுதான். நான்கு கோல் அடித்த டேவிட் வியா காயத்தால் இறுதி ஆட்டத்தில் இல்லை. முன்வரிசையில் தனியாக நின்று அடித்த கோல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2010 உலகக் கோப்பை, 2012 யூரோ எல்லாம் இந்தக் கோலில் தொடங்குகிறது என்பது என் கட்சி.

2010 உலகக் கோப்பைல ஒரு கோல் கூட அடிக்கலையே. அப்புறம் ஏன் டீம்ல வச்சிருந்தாங்க?

அந்த வருடம் ஜனவரியில் வலது முழங்கால் சவ்வில் அறுவை சிகிச்சை. திரும்பி வந்து சில வாரம் ஆடி, ஏப்ரலில் அதே முழங்காலில் மறுபடி. உலகக் கோப்பை தொடங்கியது ஜூனில். ஆட்டப் பயிற்சியே இல்லாமல் தென்னாப்பிரிக்காவில் இறங்கினார். அது பார்த்தாலே தெரிந்தது. பந்து வரும், கால் அரை நொடி பின்னால் வரும். அரை இறுதிக்குப் பெட்ரோவை வைத்துக்கொண்டு டோரஸைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார் பயிற்சியாளர் டெல் போஸ்கே.

இறுதி ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் வியாவுக்குப் பதிலாக வந்தார். இனியெஸ்டாவின் அந்தக் கோல் இருக்கிறதே, அதற்கு முந்தைய கிராஸ் டோரஸ் கொடுத்தது. அதை டச்சு வீரர் ஒருவர் தடுத்தார், தடுத்த பந்து ஃபாப்ரெகாஸிடம் போனது, அங்கிருந்து இனியெஸ்டா. சில நிமிடத்தில் தொடைத் தசை பிடித்துக்கொண்டு டோரஸ் தரையில். மற்றவர்கள் கோப்பையோடு ஆட, இவர் நொண்டிக்கொண்டு நின்றார்.

லிவர்பூலை விட்டு ஏன் போனார்? காசுக்காகத்தானே?

காசு பெரிய காசுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் 2010 லிவர்பூலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். முதலாளிகள் ஹிக்ஸும் ஜில்லெட்டும் கிளப்பைக் கடனில் மூழ்கடித்திருந்தார்கள். இவரைக் கூட்டிவந்த பெனிடெஸ் ஜூனில் வெளியேறினார். மஸ்சரானோ பார்சிலோனாவுக்குப் போனார்; சாபி அலோன்சோ அதற்கு முந்தைய வருடமே போய்விட்டார். பயிற்சியாளராக ராய் ஹாட்ஜ்சன் வந்தார், அரை சீசனில் போனார். அக்டோபரில் புது முதலாளிகள் வந்தாலும், அணி சாம்பியன்ஸ் லீக்கில் கூட இல்லை. 26 வயது ஸ்ட்ரைக்கருக்குக் கோப்பை எப்போது என்ற கேள்வி வருவது இயல்பு.

போன விதம்தான் ரசிகர்களைக் கொதிக்க வைத்தது. 2011 ஜனவரி கடைசி வாரத்தில் தன்னை விடும்படி எழுதிக் கொடுத்தார். கிளப் மறுத்தது. பரிமாற்றக் கெடுவின் கடைசி நாளான ஜனவரி 31 அன்று 5 கோடி பவுண்டுக்குச் செல்சிக்குக் கைமாறினார். அன்றைய பிரிட்டிஷ் சாதனைத் தொகை. சட்டையைக் கொளுத்தினார்கள். அதே நாளில் லிவர்பூலுக்கு லூயிஸ் சுவாரெஸ் வந்து சேர்ந்ததால், பிற்பாடு அவர்களுக்கு அது பெரிய நஷ்டமாகப் படவில்லை.

செல்சி போனதும் என்னதான் ஆச்சு அவருக்கு? சூனியம் வச்ச மாதிரி?

முதலில் கணக்கு. லிவர்பூலில் லீக்கில் 102 ஆட்டம், 65 கோல். செல்சியில் லீக்கில் 110 ஆட்டம், 20 கோல். இதை எந்த வக்கீலும் மறைக்க முடியாது. செல்சிக்காக முதல் கோல் அடிக்கவே 903 நிமிடம் ஆயிற்று. அதுவும் ஏப்ரல் 23 அன்று வெஸ்ட் ஹாமுக்கு எதிராகக் கொட்டும் மழையில். மைதானத்தில் தேங்கிய தண்ணீரில் பந்து நின்றுபோக, அது இவருக்கு வசதியாக அமைந்தது. 2011 செப்டம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் ஒரு கோல் போட்டுவிட்டு, பிறகு கோல்கீப்பர் டெ கியாவை அழகாகச் சுற்றித் தாண்டிக் காலியாகக் கிடந்த கோலுக்கு வெளியே அடித்தார். இன்றும் சுற்றிக்கொண்டிருக்கும் வீடியோ அதுதான். அந்த சீசனில் அக்டோபரிலிருந்து மார்ச் வரை 24 ஆட்டம் கோலே இல்லை.

காரணம் என்று மூன்றைச் சொல்வேன், வரிசைப்படி. ஒன்று முழங்கால். மேலே சொன்ன இரண்டு அறுவைக்குப் பிறகு அந்த முதல் ஐந்து மீட்டர் வேகம் திரும்பி வரவே இல்லை. வேகத்தை நம்பி ஆடுபவனிடம் அது போனால், பழைய முடிவுகளை எடுத்துக்கொண்டே இருப்பான், கால் ஒத்துழைக்காது. இது செல்சிக்கு வருமுன்பே தொடங்கிவிட்டது; லிவர்பூலின் கடைசி அரை சீசனை மறுபடி போட்டுப் பார்த்தால் தெரியும். இரண்டாவது, ஆடும் முறை. லிவர்பூல் எதிரணியை மேலே வரவிட்டுப் பின்னால் இருக்கும் வெற்றிடத்துக்குப் பந்தைப் போடும். செல்சிக்கு எதிராக எல்லோரும் கோலுக்கு முன்னால் இருக்கும் பெட்டிக்குள் அடைந்து உட்கார்வார்கள். ஓட இடமே இருக்காது. அந்த நெரிசலில் முதுகைக் கொடுத்துப் பந்தைப் பிடிக்கத் தெரிந்தவர் செல்சியில் ஏற்கெனவே இருந்த ஸ்ட்ரைக்கர் ட்ரோக்பா. டோரஸ் அவருக்குப் பதிலாக வாங்கப்பட்டவர். ட்ரோக்பாவோ இடத்தைக் காலி செய்யவில்லை.

மூன்றாவதுதான் தன்னம்பிக்கை. எல்லோரும் இதை முதலில் சொல்கிறார்கள். எனக்கு அது விளைவு, காரணமல்ல.

அப்போ 50 மில்லியன் பவுண்டு தண்டம்னு ஒத்துக்குறீங்களா?

கோல் கணக்கில் தண்டம்தான். ஆனால் இவர் இருந்த காலத்தில் செல்சி 2012-ல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை, சாம்பியன்ஸ் லீக், 2013-ல் சாம்பியன்ஸ் லீக்குக்கு அடுத்த நிலை ஐரோப்பியக் கோப்பையான யூரோப்பா லீக் வென்றது. மூன்றாவதில் இவருக்கு நேரடிப் பங்கு: முகத்தில் எலும்பு முறிந்து முகமூடியோடு ஆடிக்கொண்டே கோல் போட்டு, ஆம்ஸ்டர்டாமில் பென்ஃபிகாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்திலும் முதல் கோல் அடித்தார். 2012-13-ல் எல்லாப் போட்டிகளும் சேர்த்து இருபதுக்கு மேல் கோல் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மியூனிக்கில் நடந்த 2012 இறுதி ஆட்டத்தில் ட்ரோக்பா தலையால் முட்டி சமன் செய்தாரே, அந்தக் கார்னரைச் சம்பாதித்துக் கொடுத்தது மாற்று ஆட்டக்காரராக வந்த டோரஸ். கிளப் அளவில் பெரிய கோப்பைகள் வந்ததெல்லாம் இவர் தன் உச்சத்தைத் தாண்டிய வருடங்களில். உச்சத்தில் இருந்தபோது சைபர், சரிந்த பிறகு வரிசையாக. கால்பந்தில் இவ்வளவு தலைகீழான கணக்கு எனக்குத் தெரிந்து வேறு யாருக்கும் இல்லை.

கேம்ப் நூவுல பார்சிலோனாவை வெளியேத்தினது டோரஸ் கோல்தானே?

பரவலாகச் சொல்லப்படும் தவறு இது. 2012 ஏப்ரல் 24, பார்சிலோனாவின் கேம்ப் நூ மைதானத்தில் சாம்பியன்ஸ் லீக் அரை இறுதியின் இரண்டாம் ஆட்டம். முதல் ஆட்டத்தில் செல்சிக்கு 1-0. இங்கே ஜான் டெர்ரி சிவப்பு அட்டை வாங்கி வெளியேறி, பத்துப் பேரோடு ஆடிக்கொண்டிருந்த செல்சி 1-2 என்று பின்தங்கியிருந்தது. மொத்தம் 2-2, அன்றைய வெளி மைதான கோல் விதிப்படி (சமமானால் எதிரணி மைதானத்தில் அதிகக் கோல் அடித்த அணிக்கே வெற்றி) அப்போதே செல்சிதான் முன்னால். பார்சிலோனாவுக்கு இன்னொரு கோல் தேவை என்பதால் அத்தனை பேரும் மேலே ஏறிவிட்டார்கள்.

கூடுதல் நிமிடத்தில் பின்னாலிருந்து ஓங்கி அடித்த பந்து டோரஸிடம் வர, பாதி மைதானம் அவருக்கு மட்டும் திறந்து கிடந்தது. கோல்கீப்பர் வால்டெஸைச் சுற்றிப் போட்டுவிட்டார். ஆக அந்தக் கோல் செல்சியைக் கரையேற்றவில்லை; பார்சிலோனாவின் கடைசி நம்பிக்கையை மூடியது. முன்னால் வெற்றிடம் கிடைத்ததும் பழைய டோரஸ் வந்துவிட்டார் பாருங்கள். சூனியக் கேள்விக்குச் சொன்ன இரண்டாவது காரணத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

மூணு கோல் மட்டும் அடிச்சு யூரோ 2012 கோல்டன் பூட் எப்படி? அதே கோல் வேற ஆட்களும் அடிச்சாங்களே?

ஆமாம், தொடரில் அதிகக் கோல் அடித்தவருக்கான அந்த விருதுக்கு மூன்று கோலோடு சமமாக நின்றவர்கள் ஆறு பேர்: ரொனால்டோ, மரியோ கோமெஸ், பலோடெல்லி, மான்ஜுகிச், ஜகோயெவ், டோரஸ். சமமானால் கோலுக்கு உதவியது பார்க்கப்படும். டோரஸுக்கும் கோமெஸுக்கும் ஆளுக்கொன்று. அதுவும் சமமானால் யார் குறைந்த நேரம் ஆடினார் என்று பார்ப்பார்கள். டோரஸ் ஆடியது மொத்தம் 189 நிமிடம், கோமெஸ் அதைவிட அதிகம்.

அந்த உதவி எப்போது வந்தது என்பதுதான் ருசி. இத்தாலிக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் 75-வது நிமிடம் உள்ளே வந்தார். 84-ல் கோல். 88-ல் தானே அடித்திருக்கக்கூடிய பந்தை மாட்டாவுக்குத் தட்டிவிட்டார். தானே அடித்திருந்தால் நான்கு கோலோடு வம்பே இல்லாமல் பூட் கிடைத்திருக்கும், கொடுத்தும் கிடைத்தது. இரண்டு யூரோ இறுதி ஆட்டங்களில் கோல் அடித்த முதல் ஆளும் இவர்தான்.

உலகக் கோப்பை, யூரோ, சாம்பியன்ஸ் லீக், யூரோப்பா லீக் நாலும் ஒரே நேரத்துல வச்சிருந்தாராமே, அது எப்படி சாத்தியம்?

பத்து நாளுக்குச் சாத்தியமாயிற்று. 2010 உலகக் கோப்பையும் 2012 யூரோவும் ஸ்பெயினிடம். 2012 சாம்பியன்ஸ் லீக் செல்சியிடம். 2013 மே 15 அன்று செல்சி யூரோப்பா லீக்கும் வென்றது. மே 25 அன்று பயர்ன் மியூனிக் அடுத்த சாம்பியன்ஸ் லீக்கை வென்று எடுத்துக்கொள்ளும் வரை நான்குக்கும் நடப்புச் சாம்பியன் டோரஸும் ஹுவான் மாட்டாவும். வினாடி வினாவுக்கு உதவும்.

மிலான்ல ஆடினாரா? நினைவே இல்லையே?

2014-ல் இத்தாலியின் ஏ.சி. மிலானுக்குப் போனார், பத்து ஆட்டம், எம்போலிக்கு எதிராக ஒரு கோல். நினைவில்லாதது உங்கள் தப்பு இல்லை.

அட்லெடிகோவுக்குத் திரும்பினப்போ அவ்ளோ கூட்டமா? ஃபார்மே இல்லாத ஆளுக்கு எதுக்கு?

2015 ஜனவரி 4, ஞாயிற்றுக்கிழமை. ஆட்டம் எதுவும் இல்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து கையசைப்பதைப் பார்க்கக் கால்டெரோனில் சுமார் 45,000 பேர். மேலே கேப்டன் கதையைப் படித்திருந்தால் காரணம் கேட்க மாட்டீர்கள். இரண்டாம் டிவிஷனில் கிடந்த காலத்தில் அந்த ரசிகர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இருந்த ஒரே பெயர் அவர்.

வந்த பதினொரு நாளில் பதில் சொன்னார். ஜனவரி 15, ஸ்பெயினின் கோப்பைப் போட்டியான கோப்பா டெல் ரே, பெர்னபேயு மைதானத்தில் ரியல் மாட்ரிட். ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்தில் ஒரு கோல், இடைவேளை முடிந்து வந்த முதல் நிமிடத்தில் இன்னொன்று. 2-2, மொத்தக் கோல் கணக்கில் ரியல் வெளியே. சிறுவயதில் அந்த மைதானத்தில் ஒரு நாள் இப்படி வாய்க்காதா என்று ஏங்கியிருப்பார்.

தலையில அடிபட்டு மைதானத்துலயே மயங்கி விழுந்தாரே, அது எப்போ?

2017 மார்ச் 2, லா கொருன்யாவில் டெபோர்டிவோவுடன் ஆட்டம். வான்வழிப் பந்துக்கு எழும்போது எதிரணி வீரர் பின்னாலிருந்து மோத, விழும்போதே நினைவு போய்விட்டது. சக வீரர்கள் கேபியும் விர்சால்கோவும் ஓடிவந்து வாயைத் திறந்து நாக்கு உள்ளே போகாமல் பிடித்தார்கள். மருத்துவமனையில் ஒரு இரவு இருந்துவிட்டு நலமாக வெளியே வந்தார். எதிரணி வீரரும் மருத்துவமனைக்கு வந்து பார்த்தார் என்று செய்திகள் வந்தன. யாரும் அதை முரட்டு ஆட்டம் என்று சொல்லவில்லை.

கடைசில அட்லெடிகோவோட ஒரு கோப்பையாவது கிடைச்சதா?

2016-ல் மிலான் நகரில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம், எதிரணி ரியல் மாட்ரிட். பெபே டோரஸைத் தடுக்கி விழவைக்கப் பெனால்ட்டி. கிரீஸ்மன் அடித்தது குறுக்குக் கம்பத்தில் பட்டுத் தெறித்தது. கடைசியில் பெனால்ட்டி ஷூட்அவுட்டில் தோல்வி. அட்லெடிகோவோடு அவருக்கு ஒரு பெரிய கோப்பை எழுதப்படவில்லை என்றே நினைத்தோம்.

2018 மே 16 அன்று லியோனில் யூரோப்பா லீக் இறுதி ஆட்டம், மார்செயை 3-0. ஆட்டம் முடிந்துபோன கட்டத்தில், 90-வது நிமிடத்தில், பயிற்சியாளர் சிமியோனே இவரை உள்ளே அனுப்பினார். கோப்பை கொடுத்தபோது கேப்டன் கேபி இவரையும் கூட்டிக்கொண்டு தூக்கினார். அதற்கு நான்கு நாள் கழித்து எய்பாருக்கு எதிராகக் கடைசி ஆட்டம், இரண்டு கோல். அட்லெடிகோ கணக்கு 404 ஆட்டம், 129 கோலோடு நின்றது.

வியா, ரவுல், டோரஸ். யாரு பெஸ்ட்?

ஸ்பெயினுக்காக வியா 98 ஆட்டத்தில் 59, ரவுல் 102-ல் 44, டோரஸ் 110-ல் 38. கோல் போடும் வேலைக்கு மட்டும் ஆள் தேடினால் வியாவை எடுப்பேன். இரு காலாலும் அடிப்பார், தப்பவும் மாட்டார். ரவுலுக்குக் கிளப் அளவில் யாரும் பக்கத்தில் வர முடியாது, தேசிய அணியில் ஒரு கோப்பையும் இல்லை. டோரஸ் 2007-லிருந்து 2009 வரை இருந்த மூன்று வருடத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்தால், மற்ற இருவரும் எந்த மூன்று வருடத்திலும் அந்த அளவுக்கு எதிரணியைப் பயமுறுத்தவில்லை. முழு வாழ்க்கைக்கும் மார்க் போட்டால் அவர் மூன்றாவதுதான்.

ஜப்பானுக்கு எதுக்குப் போனார்? இப்போ என்ன பண்றார்?

2018-ல் கியூஷு தீவில் இருக்கும் சாகன் டோசு கிளப்புக்குப் போனார். ஐரோப்பாவில் அட்லெடிகோவுக்கு எதிராக ஆட மனமில்லை. அங்கே கோல் குறைவு, அணியும் தரமிறங்காமல் தப்பிக்கப் போராடிக்கொண்டிருந்தது. 2019 ஆகஸ்ட் 23 அன்று இனியெஸ்டாவின் விசெல் கோபேக்கு எதிராகக் கடைசி ஆட்டம். 1-6 தோல்வி.

பிறகு பயிற்சியாளர் படிப்பு, 2021-லிருந்து அட்லெடிகோவின் இளையோர் அணி, 2024-லிருந்து கிளப்பின் இரண்டாம் அணியான அட்லெடிகோ மாட்ரிலேன்யோ. கோட்டருகே நின்றால் ஆள் அமைதியாக இருப்பதில்லை. மாட்ரிட்டின் இரு கிளப்களும் மோதும் இளையோர் டெர்பி ஒன்றில், ரியல் மாட்ரிட் பயிற்சியாளராக எதிரே நின்ற தன் பழைய லிவர்பூல் நண்பர் அர்பெலோவாவோடு முட்டிக்கொண்டு சிவப்பு அட்டை வாங்கியவர்.

லிவர்பூல் ரசிகர்கள் மன்னிச்சுட்டாங்களா?

பெரும்பாலானோர். 2015 மார்ச்சில் ஆன்ஃபீல்டில் நடந்த நிதி திரட்டும் ஆட்டத்தில் ஜெரார்டின் அணிக்காக வந்தபோதே எழுந்து நின்று கைதட்டினார்கள். 2024 மார்ச்சில் அயாக்ஸ் முன்னாள் வீரர்களுக்கு எதிரான ஆட்டத்தில் வந்து ஒரு கோலும் போட்டார். மன்னிக்காதவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் பேசினால் 2011 ஜனவரியைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள்.

இவர் ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை. ஒரே ஒரு முழு ஆட்டம் பார்க்கணும்னா எது?

கோல் தொகுப்பு வேண்டாம், முழு ஆட்டமாகவே பாருங்கள். 2009 மார்ச் 10, லிவர்பூல் 4, ரியல் மாட்ரிட் 0. கோலைத் தவிர்த்து முதல் கால்மணி நேரம் டோரஸை மட்டும் கண்ணால் பின்தொடருங்கள். பந்து இல்லாதபோது இரண்டு டிஃபெண்டர்களுக்கும் நடுவில் எங்கே நிற்கிறார், ஜெரார்ட் தலை நிமிர்ந்ததும் எந்தப் பக்கம் கிளம்புகிறார் என்று கவனியுங்கள். அதன் பிறகு நேரமிருந்தால் 2012 சாம்பியன்ஸ் லீக் இறுதியின் கடைசி அரை மணி. முழங்கால் போன பிறகு அதே ஆள் பக்கவாட்டில் ஓடி ஓடி வேறு வேலை பார்ப்பது தெரியும்.